சாட்சிக்காரன் வீட்டு மாயாண்டி

பஞ்சவர்ணம் மாயாண்டியின் பேரை முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில். அவளுடைய கல்யாணம்தான். கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு, ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சலசலப்பு கேட்டது. சாட்சிக்காரன் வீட்டு மாயாண்டி முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டானாம். அவனுக்கு ரெண்டு பக்கமும் இருந்தவர்கள் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டார்களாம். எழுந்திருடா என்று மாமனார் போய்ச் சொல்லியும் அவன் அசையவில்லை. ரசத்துக்கு மறுபடியும் சோறு கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கை கழுவினான்.

அது என்ன சாட்சிக்காரன் வீடு என்று அவள் கேட்டபோது, புருஷன் முனியசாமி சிரித்துக்கொண்டு மழுப்பினான். மாமியார்தான் சொன்னாள்.

ராமநாதபுரம் சீமையில் ஆலமடை என்று ஒரு ஊர். ஊருக்குக் கிழக்கே ஒரு கண்மாய். பக்கத்து டவுன்காரர்களுக்கு அந்தக் கண்மாய்மேல் கண். மண்ணைப் போட்டு மேவி பஸ் ஸ்டாண்டு கட்டினால் டவுன் வளரும் என்று அவர்கள் சொன்னார்கள். கண்மாய் போனால் வயலுக்குத் தண்ணி ஏது என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. அந்தக் கண்மாயில் வெகு காலமாகத் தண்ணி நின்றதே இல்லை என்று சொல்ல, ஊருக்குள்ளிருந்தே ஒரு ஆள் தேவைப்பட்டது. மாயாண்டியின் அப்பா சோணையை டவுன் வக்கீல் கூட்டிப் போய், கிளப்புக் கடையில் வயிறாரச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். கண்மாய் போயிற்று. ஊர் கேட்டபோதெல்லாம் சோணை ஒரே பதிலைத்தான் சொன்னார்: எனக்கு எழுத்துத் தெரியாதே, அதில் என்ன இருந்ததென்று எனக்கென்ன தெரியும். சாகிற வரைக்கும் அதையே சொன்னார்.

ஆலமடைக்காரர்கள் யாரையும் ஊரைவிட்டு விலக்கி வைக்கிறவர்கள் இல்லை. பேர் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அப்படி வைத்த பேர் அந்த வீட்டை விட்டு இறங்காது. சாட்சிக்காரன் வீட்டுக்குக் கடைசிப் பந்தி. சாட்சிக்காரன் வீட்டில் பெண் எடுக்க யோசனை. மாயாண்டியின் தங்கச்சிக்கு அதனாலேயே மூன்று இடம் தட்டிப் போயிற்று. மாயாண்டி லைசென்ஸ் எடுத்து, டிப்பர் லாரி ஓட்ட அரபு நாட்டுக்குப் போய்விட்டான் என்று அடுத்த வருஷம் பஞ்சவர்ணத்தின் காதில் விழுந்தது. முதல் தடவை போனபோது ஏஜென்டு ஏமாற்றி, வெறுங்கையாய்த் திரும்பி வந்து, ஊர் வாயில் விழுந்து எழுந்து, மறுபடியும் போனான் என்றும் விழுந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு அவனை நினைக்க நேரமில்லை. முனியசாமி மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவளும் வீட்டு வேலைக்கு விசா எடுத்து அபுதாபிக்கு வந்து, கபீல் என்கிற விசா முதலாளிகள் வீடு ரெண்டு பார்த்து, கடைசியில் பக்கத்து முசஃபா தொழில்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் டீ போடுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

எண்ணெய்க் கிணறுகளுக்கு வேண்டிய பம்புகளைப் பழுது பார்க்கிற கம்பெனி அது. முன்னால் கண்ணாடி ஆபீஸ், பின்னால் ஒர்க்‌ஷாப். வந்த அன்றே டீ போடுகிற பேன்ட்ரியின் கதவில் ஒரு நரைமீசைக்காரர் வந்து நின்று, கருப்பட்டி நிறத்தில் ஒரு டீ கேட்டார். அந்தப் பேச்சை அவள் காது பிடித்துக்கொண்டது. எந்த ஊர் என்றாள். சொன்னார். யார் மகன் என்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சோணை மகென்" என்றார். "முனியசாமி அண்ணென் பொண்டாட்டிதான நீங்க? ஒங்க கலியாணத்துல சாப்பிட்ட ரசம் இன்னும் நாக்குல நிக்கிது மதினி."

முனியசாமியின் தாத்தாவும் மாயாண்டியின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அந்த முறைக்கு அவள் மதினி, அவன் கொழுந்தன். கடல் தாண்டி வந்தாலும் மதினி மதினிதான். அன்றிலிருந்து அவன் டீயில் சீனி கூட, அவள் வாயில் கேலி கூட.

லாரியை விட்டு வந்த மாயாண்டி இந்தக் கம்பெனியில் கார் டிரைவர். அவன் காரில் போய்வந்தது ரெண்டு அமெரிக்காக்காரர்கள். ஒருவர் டேல், பம்பு பிரிக்கிற என்ஜினியர். யானை மாதிரி ஆள். இன்னொருத்தி நோரா, வேலையில் ஆட்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்கிற சேஃப்டி மேடம். ரெண்டு பேரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்ததால் கம்பெனி ஒரே கார் கொடுத்திருந்தது. காலையில் முசஃபா பாலம் தாண்டிக் கூட்டி வருவதும் சாயங்காலம் கொண்டு போய் விடுவதும் மாயாண்டியின் டூட்டி. அவர்கள் வாயில் மாயாண்டி நுழையவில்லை. 'ஆண்டி' என்று சுருக்கிவிட்டார்கள். வந்தும் வராததுமாய் ஆண்டியாக்கிட்டாகளே கொழுந்தனாரே, இன்னும் காவி மட்டுந்தான் பாக்கி என்று பஞ்சவர்ணம் சிரிப்பாள்.

முதலில் அவர்கள் ரெண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். பேன்ட்ரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று காப்பி குடிப்பார்கள். டேல் ஊரிலிருந்து வந்த நிலக்கடலையை நோராவுக்கும் கொடுப்பார். அமெரிக்காவில் ஓட்டு வருகிற வருஷம் பிறந்ததும் எல்லாம் திரிந்துபோயிற்று. காப்பிக்கு வருகிற நேரம் மாறியது. தப்பித்தவறி ஒன்றாக வந்துவிட்டால் குரல் உயரும். என்னய்யா சண்டை என்று மாயாண்டியிடம் பஞ்சவர்ணம் கேட்பாள். பேன்ட்ரியில் எல்லார் முன்னாலும் போட்ட சண்டை என்பதால் அவனும் தமிழாக்கிச் சொல்வான்.

டேல் பிறந்தது மக்காச்சோளக் காட்டில். அப்பன் பாட்டன் எல்லாம் உழவு, பன்றி வளர்ப்பு. அவர் ஊர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள், பிள்ளை பெறவும் அடுத்த ஊருக்கு ஓடவேண்டும். காட்டு வாய்க்காலை எப்படி வெட்டவேண்டும் என்று, மண்ணை மிதித்தே பார்க்காத பட்டணத்துக்காரர்கள் சட்டம் போடுகிறார்கள். அதனால் பட்டணத்துக்காரர்கள் வெறுக்கிற கட்சிக்குத்தான் ஓட்டு என்பார். நோரா பெரிய பட்டணத்தில் பிறந்தவள். மாடி மேல் மாடி, ரயில், பலநாட்டு ஜனம். அந்தக் காட்டுக்காரர்கள் தங்களுக்கு நல்லது செய்கிறவனைத் தோற்கடித்துவிட்டு, தங்கள் பன்றியை அறுத்துத் தருகிற வெளிநாட்டுக் கூலிக்காரனைத் துரத்தச் சொல்கிறார்கள் என்பாள்.

"நம்ம கம்மாய்ச் சண்டைதான் மதினி" என்றான் மாயாண்டி. "அங்கயும் டவுன்காரன் ஒரு பக்கம், காட்டுக்காரன் ஒரு பக்கம்."

"யாரு சொல்றது ஞாயம்?"

"ஆளுக்குப் பாதி. மிச்சப் பாதிய ரெண்டு பேருமா முழுங்கிட்டாக."

ஆனால் காருக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டால் அவன் வாய் திறக்கமாட்டான். பஞ்சவர்ணம் விதவிதமாகத் துருவிப் பார்த்திருக்கிறாள். கோழிக்குழம்பு ஆசை காட்டியும் பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் அதெல்லாம் காத்தோடு போயிற்று என்பான். அந்த ஊர் டிரைவர்களுக்கு அது ஒரு தொழில் சுத்தம். முதலாளி பின்சீட்டில் அழுவார், பெண்டாட்டியோடு சண்டை போடுவார், யாரையோ திட்டுவார். டிரைவருக்கு முதுகில் காது கிடையாது. பாதிப்பேர் இங்கிலீஷே தெரியாத மாதிரி நடித்துக் காலத்தை ஓட்டுவார்கள். மாயாண்டி நடித்ததில்லை. கேட்டால் தெரியும் என்பான், மேலே பேசமாட்டான்.

அங்கே ஓட்டு எண்ணி முடித்த வாரத்தில் ஒரு நாள் கார் வந்து நின்றதும், நோரா கதவை அறைந்து சாத்திவிட்டு நேரே ஆபீசுக்குள் போனாள். பின்னாலேயே டேல் முகமெல்லாம் சிவந்து வந்தார். மத்தியானத்துக்குள் ரெண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற நம் ஆட்களைப் பற்றி காதால் கேட்கக்கூடாத வார்த்தையை டேல் சொன்னார் என்று நோரா. தன் ஊர்க்காரர்களை மூளையில்லாத ஜனம், இவர்களுக்கெல்லாம் ஓட்டு எதற்கு என்று நோரா கேவலப்படுத்தினாள் என்று டேல். குற்றம் உறுதியானால் அந்த ஆள் ஊருக்குப் போகவேண்டியதுதான். யார் சாட்சி என்று பெரிய மேனேஜர் கேட்டதற்கு ரெண்டு பேரும் ஒரே பதில் கொடுத்தார்கள்: ஆண்டி.

மறுநாளே டேல் பேன்ட்ரிக்கு வந்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்த மாயாண்டியின் தோளில் கை போட்டார். நீயும் மண்ணில் பிறந்தவன், நானும் மண்ணில் பிறந்தவன், நம்மை இந்தப் பட்டணத்துக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா என்றார். அவர் போன பிறகு நோரா வந்தாள். உனக்காகவும் உன் கூட்டாளிகளுக்காகவும்தான் நான் இவ்வளவு சண்டை போடுகிறேன், நீ பயப்படாமல் பேசவேண்டும் என்றாள். இதையெல்லாம் மாயாண்டி மதினிக்குச் சொல்லிவிட்டு, டீ கிளாசைக் கழுவிக் கவிழ்த்தான். ரெண்டு பேருக்கும் தலையை ஆட்டினாயா என்று கேட்டாள். தலையே இல்லாத மாதிரி நின்றேன் என்றான்.

ஆபீஸ் காரியங்களைப் பார்த்தவர் சேதுமாதவன். மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர், நல்ல படிப்பு. நம் பக்கத்து ஆட்களைப் பார்த்தால் அவருக்கு மூக்கு லேசாகச் சுருங்கும். பெரிய ஆபீசில் நோரா மேடத்துக்கு ஆள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதனால் விசாரணைக்கு முன்னாலேயே மாயாண்டி சொல்லவேண்டியதை மேடத்துக்குச் சாதகமாக அவரே இங்கிலீஷில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டார். கையெழுத்துப் போடு, இந்த மாதம் உன் விசா புதுப்பிக்கவேண்டும், ஞாபகம் இருக்கட்டும் என்றார். மாயாண்டி காகிதத்தைக் கையால் தொடவில்லை. அப்படியானால் இங்கிலீஷ் தெரியாது, ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போ, உன்னைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள் என்றார். மாயாண்டி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டான்.

சேதுமாதவன் அடுத்துப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார். உங்க சொந்தக்காரர்தானே, வயசான காலத்தில் வேலையைத் தொலைத்துக்கொள்ளப் போகிறார், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஐம்பதைத் தாண்டிய டிரைவருக்கு யார் விசா கொடுப்பார்கள்? ஊரில் அவன் பெண்டாட்டி ராக்கம்மா தனியாள், வெறுங்கையோடு போய் நின்றால் ஆலமடை மறுபடியும் வாயில் போட்டு மெல்லும். அவனுக்கு நல்லது சொல்கிறோம் என்றுதான் போனாள். சொன்ன விதம்தான் கெட்டுப்போயிற்று. மதினி கொழுந்தன் என்றால் கேலியில்தான் பேச்சு தொடங்கும், அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு கையெழுத்துக்கு என்ன இம்புட்டு மொறப்பு? ஒங்க வீட்டுல இல்லாத பழக்கமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. மாயாண்டி கோபப்படவில்லை. கையிலிருந்த டீயை அப்படியே மேடைமேல் வைத்தான்.

"எங்கப்பாவுக்கு எழுத்துத் தெரியாது மதினி. அதச் சொல்லித்தான் சாகுற மட்டும் தப்பிச்சாரு. எனக்குத் தெரியும். தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன், அவுக எழுதுனதுல கையெழுத்தும் போட மாட்டேன்."

"வேலை போயிரும்ப்பா."

"போகட்டும். முதப்பந்தியில உக்காந்தா எந்திரிச்சுப் போறவன் போகத்தான் செய்வான்."

அவன் வைத்துவிட்டுப் போன டீ ஆறி ஆடை கட்டியது. அவள் அதைக் கொட்ட மனசில்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை பெரிய அறையில் நடந்தது. நீள மேசை. தலைமாட்டில் பெரிய மேனேஜர், பக்கத்தில் சேதுமாதவன், எதிரும் புதிருமாக டேலும் நோராவும். மாயாண்டி கதவோரம் நின்றான். பஞ்சவர்ணம் நாலு பேருக்கும் டீ கொண்டுபோனாள். தட்டு காலியானதும் திரும்பினவளை அவன் குரல் நிறுத்தியது.

"மதினி, எனக்கும் ஒண்ணு. சீனி கூட."

சொல்லிவிட்டு, மேசைக் கடைசியில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து அவன் உட்கார்ந்துகொண்டான். சேதுமாதவனின் மூக்கு சுருங்கியது. மேனேஜர் தன் காகிதத்தைப் புரட்டினார். அவள் ஓடிப்போய் டீ கொண்டுவந்தாள். கொண்டுவந்து வைத்த பிறகும் வெளியே போகாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை.

மேனேஜர் கேட்டார். சேதுமாதவன் அதைத் தமிழில் கேட்டார். அன்றைக்குக் காரில் யார் என்ன சொன்னது?

மாயாண்டி ஒரு வாய் டீ குடித்தான். "ரெண்டு பேரு சொன்னதும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சேதுமாதவன் மேனேஜர் பக்கம் திரும்பி, பாவம், கிராமத்து ஆள், இவனுக்கு ஒன்றும் புரியவில்லையாம் என்று இங்கிலீஷில் சொன்னார். அது பஞ்சவர்ணத்துக்கே விளங்கிவிட்டது.

"நோ சார்" என்றான் மாயாண்டி, நேரே மேனேஜரைப் பார்த்து. "ஐ அண்டர்ஸ்டாண்ட். ஆல் அண்டர்ஸ்டாண்ட். ஐ நாட் டெல்."

ஏன் என்று மேனேஜர் கேட்டார். அவன் தன் உடைந்த இங்கிலீஷிலேயே சொல்லப் பார்த்தான், வார்த்தை போதவில்லை. தமிழுக்கு வந்தான். இந்தத் தடவை ஒரு சொல் மாற்றாமல் சொல்லுங்க சார் என்று சேதுமாதவனிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

"இவுக ரெண்டு பேரும் அவுக ஊருச் சண்டைய என் காருக்குள்ள கொண்டாந்தாக. என்னைக் கேட்டுக் கொண்டாரல. இவரு, நீயும் காட்டுக்காரன், என் பக்கம் நில்லுங்கிறாரு. இந்தம்மா, நீ கஷ்டப்பட்ட ஆளு, என் பக்கம் நில்லுங்கிறாக. ரெண்டு பேருக்கும் இத்தன வருசமா என் பேரு முழுசாத் தெரியாது. என் ஊரு என்ன, வீட்டுல யாரு இருக்கா, ஒரு நாள் கேட்டதில்ல. நான் எந்தப் பக்கமும் இல்ல. என்னை வச்சு யாரும் யாரையும் ஊருக்கு அனுப்ப வேண்டாம். வண்டி ஓட்டத்தான் வந்தேன். சாட்சி சொல்ல வரல."

சேதுமாதவன் எவ்வளவு சொன்னார், எவ்வளவு விழுங்கினார் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியாது. ஆனால் அவர் பேசப் பேச டேல் மேசையைப் பார்த்தார். நோராவுக்குக் கண் கலங்கி, பிறகு கோபம் வந்தது. உனக்காகப் பேசினேனே என்றாள். மாயாண்டி டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தான். கிளாசை அவனே எடுத்து மதினியின் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனான்.

சாட்சி இல்லாததால் புகார் ரெண்டும் நிற்கவில்லை. டேலும் போகவில்லை, நோராவும் போகவில்லை. ஆளுக்கொரு கார் கொடுத்துவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் டேல் சொல்கிறதற்கு நோரா எதிராகச் சொல்வதும், நோரா சொல்கிறதற்கு டேல் எதிராகச் சொல்வதும் இன்றைக்கும் நடக்கிறது. காப்பி மட்டும் தனித்தனி நேரத்தில். போனது மாயாண்டி ஒருவன்தான். ஒத்துழைக்கவில்லை என்று காரணம் காட்டி விசாவை ரத்து செய்தார்கள்.

கடைசி நாளில் அவன் பேன்ட்ரிக்கு வந்தபோது, அன்றைக்குச் சொன்னதற்கு என்னை ரெண்டு அடி அடித்துவிட்டுப் போ என்றாள் பஞ்சவர்ணம். மதினியை அடிக்கிற முறை எங்கள் ஊரில் இல்லை, கோழிக்குழம்பு பாக்கி இருக்கிறது, அதை வை என்றான். அவள் தான் தங்கியிருந்த கேம்ப் அறையில் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். நின்றபடியே சாப்பிட்டான். காரம் கம்மி என்று குறையும் சொன்னான்.

எல்லாரும் ஊருக்குப் போய்விடச் சொன்னார்கள். ராக்கம்மாகூடப் போனில் அதையேதான் சொன்னாளாம். தலையைக் குனிந்துகொண்டு அந்த ஊருக்குள் நுழைய மாட்டேன், இந்த நாட்டிலேயே வேறு கதவைத் தட்டுகிறேன் என்று அவன் ஷார்ஜா பக்கம் கிளம்பிவிட்டான். கையில் அந்தக் காலத்து லாரி லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்தது. தொழில்பேட்டையில் கராஜ் கராஜாக ஏறி இறங்கினான். வயசைக் கேட்டுவிட்டு மாஃபி மாஃபி, இல்லை இல்லை என்று கை விரித்தவர்கள்தான் அதிகம். விசா ரத்தானவன் நாட்டைவிட்டுப் போகக் கொடுத்த கெடு முடிகிற நேரத்தில், கீழக்கரையைச் சேர்ந்த மீரா சாகிப் என்று ஒருவர், லாரி வைத்து ஓட்டுகிறவர், முன்னால் ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டார். மாயாண்டி நடந்ததைச் சொன்னான். காரில் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தேன் என்று மீரா சாகிப் பிறகு பஞ்சவர்ணத்திடம் போனில் சிரித்தார்.

போன வருஷம் அவள் லீவில் ஆலமடை போயிருந்தாள். ஒரு சடங்கு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, சாட்சிக்காரன் வீட்டு மாயாண்டி எப்படி இருக்கிறான் என்று ஒரு கிழவர் கேட்டார். அப்படி ஒரு வீடு இந்த ஊரில் இல்லை என்றாள் பஞ்சவர்ணம். கிழவர் விழித்தார். முசஃபாவில் நடந்ததை முழுசாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அங்கே இருந்தவர்கள் பழைய பேரைத்தான் சொன்னார்கள். நாக்கு பழகிப்போயிற்று, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். அவள் விடவில்லை. முதல் பந்தி போட்டதும் ராக்கம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒருத்தி இலையை மடக்கப் பார்த்தாள். பஞ்சவர்ணம் அவளைப் பார்த்த பார்வையில் விரித்த இலை விரித்தபடி இருந்தது.

மாயாண்டி இப்போது புஜைராவில் இருக்கிறான். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னாலுள்ள தொழிலாளர் கேம்ப்களுக்கு மீரா சாகிப்பின் தண்ணி லாரி ஓட்டுகிறான்.